அறுவையா, கதிர்வீச்சா, ஊசியா? முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 69. சர்க்கரை நோய் உண்டு, ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். புராஸ்டேட் சுரப்பிக்காக ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு 8.6. பயாப்சிக்காக அந்தச் சுரப்பியிலிருந்து ஊசியால் எடுத்த 12 துணுக்குகளில் நான்கில் புற்றுநோய், கிளீசன் 3+4=7. எம்ஆர்ஐயில் சுரப்பிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. ஒரு மருத்துவர் ரோபோ அறுவை என்கிறார், இன்னொருவர் கதிர்வீச்சு என்கிறார். மதுரையில் பெரியப்பாவுக்கும் இதே நோய், எலும்புக்குப் போய்விட்டது. அவருக்கு மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி மட்டும் போடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார். அப்பாவுக்கும் ஊசியே போதாதா? எது சிறந்த சிகிச்சை? கடைசியாக ஒரு வரி: "அப்பாவிடம் சிறுநீர்த் தொற்று என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்."

அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது, தம்பி. அந்த வரிக்குப் பின்னால் வருகிறேன். சென்னை அரசு மருத்துவமனைகளில் சிறுநீரியல் அறுவைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் கத்தி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். அறுவைக்காரனின் சாய்வு எனக்கும் இருக்கும். படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறிக்கையைப் பார்ப்போம். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நெல்லிக்காய் அளவுச் சுரப்பி. வயதானால் அது வீங்குவது வேறு, அதில் புற்றுநோய் வருவது வேறு. வீக்கத்துக்குக் குழாய் வழியாக உள்ளே போய்ச் சுரண்டி எடுக்கும் அறுவையையும் நம் ஊரில் "புராஸ்டேட் ஆபரேஷன்" என்றே சொல்வதால், பக்கத்து வீட்டுக்காரரை மூன்றே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே என்று ஒப்பிட்டுப் பலர் குழம்புகிறார்கள். புற்றுநோய்க்குச் செய்வது, சுரப்பி முழுவதையும் விந்துப்பைகளோடு எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே அறுந்து நிற்கும் குழாயோடு மறுபடி தைக்கும் வேலை. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று.

கிளீசன் என்பது 1966இல் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் வகுத்த கணக்கு. செல்கள் ஓரளவு ஒழுங்கான வளையங்களாக இருந்தால் 3. வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குலைந்திருந்தால் 4. வளையமே இல்லாமல் சிதறிக் கிடந்தால் 5. அதிகமாகத் தெரியும் அமைப்பை முதலில் எழுதுவார்கள். அதனால் 3+4, 4+3 இரண்டையும் கூட்டினால் 7 வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல, பின்னது வேகமானது. உங்கள் அப்பாவுக்கு 3தான் முன்னால் நிற்கிறது. பிஎஸ்ஏ பத்துக்குக் கீழே, துணுக்குகளில் பாதிக்கும் குறைவு, நோய் சுரப்பிக்குள்ளேயே. இதை இடைநிலை ஆபத்து என்போம். இடைநிலையிலும் சாதகமான பக்கம்.

ஆனால் 3க்கும் 4க்கும் நடுவே கோடு போடுவது ஒரு மனிதரின் கண். பயாப்சி எடுத்த இடத்தில் திசு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு), மெழுகுக் கட்டிகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். "பிளாக் வேண்டும்" என்றால் புரிந்துகொள்வார்கள். சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் தட்டையாக ஒரு மெழுகுத் துண்டு, அதற்குள் நூலிழை போலத் திசு. மருந்துக்கடைக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். புற்றுநோய் நோய்க்குறியியலில் பழகிய இன்னொருவர் அதைப் பார்க்கட்டும். 3+4 என்பது 4+3 ஆனாலும், 3+3 ஆனாலும் அடுத்த முடிவே மாறும்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்பீர்கள். இருக்கிறது. பயாப்சி ஊசி குத்திய வீக்கம் அடங்கவே ஆறு வாரம் போல ஆகும் என்பதால் அறுவை மருத்துவர்களே பெரும்பாலும் காத்திருப்பார்கள். உங்கள் அப்பாவுடையதைப் போன்ற நோயில் சில வாரங்கள் யோசித்துக் கெட்டுப்போனவரை நான் பார்த்ததில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். முதுகெலும்புக்குப் பரவியவருக்குக் கால் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்தாலோ அதுதான் அவசரம். அன்று இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மதுரைக்கு இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

அறுவையா, கதிர்வீச்சா என்ற கேள்வியை ஒரு பெரிய ஆய்வு நேராகவே கேட்டிருக்கிறது. பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வில், நோய் சுரப்பிக்குள் இருந்த 50 முதல் 69 வயது வரையிலான 1,643 ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு அறுவை, ஒரு பங்குக்குக் கதிர்வீச்சு, ஒரு பங்குக்குக் கண்காணிப்பு மட்டும். பதினைந்து ஆண்டு முடிவு 2023இல் வெளியானது. மூன்று பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்; மற்ற இரண்டிலும் ஐந்து போல. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் ஐந்தில் மூன்று பேர் பிறகு ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். இந்த ஆய்வில் பெரும்பாலோருக்கு இருந்தது மென்மையான நோய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளீசன் 9க்காரருக்கு இந்தக் கணக்கைக் காட்டித் தைரியம் சொல்லக்கூடாது.

உங்கள் அப்பாவின் நிலையில் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் உயிர்க்கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது எந்தத் தொல்லையோடு மீதி வாழ்நாளை ஓட்ட அவருக்குச் சம்மதம் என்பதுதான். இதை மகன் எப்படிச் சொல்வார்?

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு பிள்ளைகளும் முன்கூட்டியே வந்து, "அப்பாவிடம் கட்டி என்று மட்டும் சொல்லுங்கள் டாக்டர்" என்றார்கள். நானும் தலையாட்டினேன்; அந்தக் காலத்தில் அப்படித்தான் தலையாட்டுவோம். அறுவை நன்றாக முடிந்தது. ஆறு மாதம் கழித்து வந்தவர் உட்காரவில்லை. தினமும் விடியற்காலையில் குளித்துத் தெருமுனைக் கோயிலுக்குப் போய் விளக்குப் போடுகிறவர் அவர். இருமினால், குனிந்தால் சொட்டுகிறது. "வெள்ளை வேட்டி சார். ஈரத்தோடு சன்னதிக்குள் எப்படிப் போவேன்? ஆறு மாதமாகக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்தே திரும்புகிறேன்" என்றார். பிறகு, "உங்கள் பிரிவின் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியும் சார் எனக்கு. என்னையும் கேட்டிருக்கலாம்" என்றார். கேட்டிருந்தால் அவர் கதிர்வீச்சையே எடுத்திருப்பார். அதற்கும் தகுதியான நோய்தான் அவருக்கு. ஒளு செய்து ஐந்து வேளை தொழுகிறவர்களிடமும் இதே தவிப்பைப் பார்த்திருக்கிறேன். கால்சட்டைக்குள் பேட் வைத்துக்கொண்டு கவலையில்லாமல் திரிகிறவர்களும் உண்டு. சொட்டுவது எல்லோருக்கும் சொட்டுவதுதான். அதன் கனம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அறுவையைப் பற்றிச் சொல்கிறேன். வயிற்றில் ஐந்தாறு துளை, ரத்தச் சேதம் குறைவு, இரண்டு மூன்று நாளில் வீடு. ரோபோவின் லாபம் இவ்வளவுதான். ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை, பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரு மனிதர்தான் அறுக்கிறார். ஆஸ்திரேலியாவில் திறந்த அறுவையையும் ரோபோ அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டு முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எந்திரத்தின் விலையைக் கேட்பதைவிட, கை எத்தனை செய்த கை என்று கேளுங்கள். "ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? ஓராண்டு கழித்துப் பேட் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வரும்போது சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். அதை எடுத்த அன்று குழாயை மூடாமல் விட்டதுபோல ஒழுகும். பயந்துவிடுவார்கள். புரோடெக்ட் ஆய்வில் அறுவைக்குப் பின் ஆறாம் மாதத்தில் பேட் பயன்படுத்தியவர்கள் 46 விழுக்காடு, ஆறாம் ஆண்டில் 17 விழுக்காடு. கதிர்வீச்சுக்காரர்களில் ஆறாம் ஆண்டில் 4 விழுக்காடு. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அறுவைக்குப் பிறகு கற்றுக்கொடுப்பதைவிட முன்பே தொடங்குவது நல்லது. சிறுநீரைப் பாதியில் நிறுத்தும் தசை எது என்று ஒரு முறை கண்டுகொள்ளச் சொல்லுங்கள். பிறகு சிறுநீர் கழிக்காத நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை இறுக்கித் தளர்த்தலாம்.

ஆண்மை பற்றி நம் வீடுகளில் பேச்சே எழாது. 69 வயதில் அது எதற்கு என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுகிறார்கள். அம்மாவைக் கேட்டீர்களா? விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டி ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றி அறுக்கும் முறையை அமெரிக்காவின் பாட்ரிக் வால்ஷ் 1982இல் செய்து காட்டினார். ஆனாலும் சர்க்கரையும் ஸ்டென்டும் உள்ளவருக்கு அந்த நரம்பும் ரத்தக்குழாயும் ஏற்கெனவே தளர்ந்தே இருக்கும். பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கதிர்வீச்சிலும் இது குறையும், ஆனால் ஓரிரு ஆண்டுகளில் மெல்லக் குறையும்.

கதிர்வீச்சில் மயக்க ஊசி இல்லை, வெட்டு இல்லை; ஸ்டென்ட் உள்ளவருக்கு அது பெரிய சௌகரியம். முன்பு எட்டு வாரம் போகச் சொல்வோம். இப்போது வழக்கமாக 20 தடவை, நான்கு வாரம். தகுந்தவர்களுக்கு ஐந்தே தடவையில் முடிக்கும் முறையும் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மலக்குடல் காலியாக, சிறுநீர்ப்பை நிறைந்து இருக்க வேண்டும். நிறைந்த பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து மேலே தள்ளும். சிறுநீர் கழித்துவிட்டு இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். கதிர்வீச்சுப் பிரிவின் நடையில் காலைப் பின்னிக்கொண்டு, எந்திரம் எப்போது காலியாகும் என்று கதவையே பார்க்கும் பெரியவர்களை வரிசையாகப் பார்க்கலாம். சிலர் நேரத்தை மிச்சம் பிடிக்க குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறும்போதே குடித்துவிட்டுக் கிளம்பி, கிண்டியில் தவித்து இறங்கிவிடுவார்கள். போய்ச் சேர்ந்து குடிக்கச் சொல்லுங்கள்.

சிகிச்சையின்போது அடிக்கடி சிறுநீர், எரிச்சல், வயிற்றுப்போக்கு வரும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். ஓராண்டு இரண்டாண்டு கழித்துச் சிலருக்கு மலத்தில் ரத்தம் தெரியும். அப்போது குடல் மருத்துவரிடம் போனால், "புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு எடுத்தேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். தெரியாமல் அந்த இடத்தில் சதை கிள்ளி எடுத்தால் ஆறாத புண்ணாகிவிடும். ஏற்கெனவே சொட்டுச் சொட்டாகப் போகும் அளவுக்கு அடைப்பு உள்ளவருக்குக் கதிர்வீச்சு தொல்லையைக் கூட்டும். அவருக்கு அறுவை நல்லது. அப்பா இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அது இந்த முடிவில் பாதி.

தரமணியில் 2019இல் தொடங்கிய அப்போலோ புரோட்டான் மையத்தைப் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். புரோட்டான் துகள்களால் கொடுக்கும் கதிர்வீச்சு அது. குழந்தைகளின் மூளைக் கட்டி போன்றவற்றுக்குப் பெரிய வரம். புராஸ்டேட்டில், வழக்கமான நவீன கதிர்வீச்சோடு ஒப்பிட்டபோது நோயாளி உணரும் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் காணவில்லை. வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டியதில்லை.

"அறுவை செய்தால் பிறகு நோய் திரும்பினாலும் கதிர்வீச்சு கொடுக்கலாம், கதிர்வீச்சு கொடுத்தால் பிறகு அறுவை கடினம்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நானும் ஆயிரம் முறை சொன்ன வாசகம்தான். உண்மை. 55 வயதுக்காரருக்கு அது கனமான வாதம். 69 வயதில், ஸ்டென்டோடு, இந்தத் தர நோய்க்கு அவ்வளவு கனமில்லை.

கண்காணிப்பு என்பது சும்மா விட்டுவிடுவது அன்று. ஆறு மாதத்துக்கொரு முறை பிஎஸ்ஏ, இடையிடையே எம்ஆர்ஐ, மறுபடி பயாப்சி; நோய் நகர்ந்தால் சிகிச்சை. 3+3 உள்ளவர்களுக்கு இதுவே முதல் வழி. உங்கள் அப்பாவுக்கு மறுபார்வையில் 4இன் பங்கு மிகக் குறைவு என்று வந்தால் இதையும் கேட்டுப் பார்க்கலாம். ஒழுங்காகத் திரும்பி வருகிறவருக்கு மட்டும்தான் இது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மூன்று ஆண்டு காணாமல் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைத்ததில்லை. லேகியக்காரர்கள் நுழைவதும் இந்த இடைவெளியில்தான். பிசி-ஸ்பெஸ் என்று ஒரு "மூலிகை" மருந்து அமெரிக்காவில் பிஎஸ்ஏவைக் குறைத்துப் பேர் வாங்கியது. 2002இல் சோதித்தபோது உள்ளே ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்தும் செயற்கைப் பெண் ஹார்மோனும் கலந்திருந்தன.

இனி ஊசி. இந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. விரைகளை அகற்றினால் நோய் சுருங்கும் என்று 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். ஊசி அதே வேலையை மருந்தால் செய்கிறது. ஆனால் அது நோயைப் பட்டினி போடும், கொன்று முடிக்காது. பரவாத நோய்க்கு ஊசியை மட்டும் போட்டால், குணமாக்கக்கூடிய நோயைத் தூங்க வைத்துவிட்டு, இடையில் எலும்பு மெலிவு, தசை இழப்பு, ஏறும் சர்க்கரை, மார்கழியிலும் திடீரென்று கொதிக்கும் உடம்பு எல்லாவற்றையும் விலைக்கு வாங்குவதாகும். சர்க்கரையும் இதய நோயும் உள்ளவருக்கு இன்னும் மோசம். கதிர்வீச்சோடு துணைக்குச் சில மாதம் கொடுப்பது உண்டு. வேகமான நோய்க்கு இரண்டு மூன்று ஆண்டுகூட ஆகும். உங்கள் அப்பாவின் அறிக்கை மறுபார்வையிலும் இதே மாதிரி வந்தால், கதிர்வீச்சை ஊசி இல்லாமலேயே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

பெரியப்பாவின் கதை வேறு. எலும்புக்குப் பரவியவருக்கு அடிப்படை ஹார்மோன் சிகிச்சைதான், சரி. ஆனால் 2015க்குப் பிறகு வந்த ஆய்வுகள், தொடக்கத்திலேயே அதோடு டோசிடாக்செல் கீமோவோ, அபிராட்டிரோன் போன்ற மாத்திரையோ சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று தெளிவாகக் காட்டிவிட்டன. ஊசி மட்டும் போடுவதற்கு அவர் உடல்நிலையில் காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அபிராட்டிரோன் எழுதினால், வழக்கமான அளவை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். இட்லி சாப்பிட்ட கையோடு விழுங்கினால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறிவிடும். அதையே சாதகமாக்கி, கால்பங்கு மாத்திரையை உணவோடு கொடுக்கும் முறையும் இருக்கிறது, செலவும் குறையும். மருத்துவர் அப்படி எழுதினால் மட்டும். பரம்பரை மரபணுச் சோதனையையும் அவருக்குக் கேளுங்கள். பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் அவருக்குத் தனி மருந்து உண்டு. அண்ணன் தம்பி இருவருக்கும் நோய் வந்த குடும்பத்தில், அது உங்களுக்கும் உங்கள் சகோதரிகளுக்கும் பெரியப்பாவின் பெண்களுக்கும் தெரிய வேண்டிய செய்தி. மார்பகம், சினைப்பை வரை போகும் விஷயம்.

எங்கே போவது என்பதில் சென்னைக்காரர்களுக்குக் குறையில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே அந்தப் பிரிவில் பதிவு செய்து அனுமதி வாங்குங்கள். தொடங்கியபின் போனால் பெரும்பாலும் நடக்காது. எங்கே போனாலும் அறுவை மருத்துவர் ஒருவரையும் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் அப்பா தனித்தனியாகப் பார்க்கட்டும். அவரவர் கைக்குப் பழகியதை அவரவர் சொல்வார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை.

ஆக, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவரிடம் சொல்லுங்கள். "அப்பா, அது தொற்று இல்லை. புராஸ்டேட்டில் புற்றுநோய். வெளியே பரவவில்லை. குணமாக்கக்கூடியது, நேரமும் இருக்கிறது." இந்த வரிசையில் சொல்லுங்கள், அழாமல். ஒன்றும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போவார், போகட்டும். 12 துணுக்கு எடுத்தவருக்கு அது வெறும் தொற்று இல்லை என்று பாதி தெரிந்தே இருக்கும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஃபைலை நீங்கள் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருங்கள். மேசைக்கு அருகில் உள்ள நாற்காலி அப்பாவுக்கு.